வாய்க்கால் கரையோடு கடலுக்கு: வாசகர் கேள்வி-பதில்

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகாருக்குச் சைக்கிளில் போவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி கேள்விகள்தான். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீர்காழியிலிருந்து கோடிக்கரை வரை, கடலைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாளில் போய்விட நண்பர்கள் நான்கு பேர் திட்டமிட்டிருக்கிறோம். எல்லோருக்கும் வயது முப்பதுக்குள். வேகமாகப் போக ஆசையில்லை, ஊர் பார்க்க வேண்டும். உங்கள் யோசனை என்ன அக்கா? (திருச்சி)

திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று போகிற அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 32. கடற்கரைச் சாலை என்றதும் ஒரு பக்கம் அலை தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். சீர்காழியில் கடல் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மற்ற இடங்களிலும் வயலும் தென்னந்தோப்பும் சவுக்கும்தான் கண்ணில் படும். பக்கத்தில் வருவது காரைக்கால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும், திருநள்ளாற்றுக்கும் வேளாங்கண்ணிக்கும் விரைகிற வேன்களும். நான்குவழிச் சாலை வேலை நடக்கிற இடங்களில் ஜல்லியும் புழுதியும் வேறு. வேகம் வேண்டாம், ஊர் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கு அந்தச் சாலை சரிப்படாது.

இந்தப் பக்கத்துக் கடற்கரையைச் சைக்கிளில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆறுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொள்ளிடம், மண்ணியாறு, காவிரி, வீரசோழன், மகிமலையாறு, நண்டலாறு, அரசலாறு, திருமலைராஜன், வெட்டாறு என்று டெல்டா ஆறுகள் எல்லாமே கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. ஆற்றுக்கு ஒரு கரை, கரைமேல் ஒரு பாதை, பாதையை ஒட்டி ஒரு ஊர், ஊருக்கு ஒரு குளம், ஒரு கோயில். நெடுஞ்சாலை இந்த ஆறுகளையெல்லாம் வடக்கு தெற்காக வெட்டிக்கொண்டு போகிறது, அதனால் எதையும் அது காட்டுவதில்லை. கரைப்பாதைகள் ஆற்றோடு சேர்ந்து நடக்கின்றன. தண்ணீர் போகிற சரிவுதான் நமக்கும் சரிவு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் கடலில் கொண்டுபோய் விடும். ஆகவே நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் இரண்டு நாளுக்கு என் யோசனை இது. முதல் நாள் மயிலாடுதுறையிலிருந்து விடியற்காலை கிளம்பி மன்னம்பந்தல், செம்பனார்கோவில் வழியாக மேலையூர் போய்ப் பூம்புகார். மொத்தம் சுமார் 24 கிலோமீட்டர்தான். நின்று நின்று போனாலும் பத்து மணிக்குள் போய்விடலாம். செம்பனார்கோவிலில் டீ குடித்துவிட்டு, சாலையிலிருந்து வடக்கே இறங்கும் ஏதாவது ஒரு கிளைப்பாதையில் காவிரிக் கரைக்குப் போய்ப் பாருங்கள். மேலையூரில் கதவணை இருக்கிறது. காவிரியின் கடைசிக் கதவணை அது. குடகில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, நூற்றுக்கணக்கான வாய்க்கால்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு வருகிற ஆறு, இங்கே ஒரு பெரிய வாய்க்கால் அகலத்துக்குத்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் ‘இதுவா காவிரி’ என்று கேட்பார்கள். வழியில் இருக்கிற வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள், தண்ணீர் எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியும். மேட்டூர் திறந்து தண்ணீர் இந்தக் கதவணைக்கு வந்து சேருகிற அன்று விவசாயிகள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைக்காரர்களுக்கு அது திருநாள்.

இரண்டாம் நாள் பூம்புகாரிலிருந்து வானகிரி, கீழப்பெரும்பள்ளம் வழியாக உள்சாலைகளில் திருக்கடையூர், அங்கிருந்து தரங்கம்பாடி. இதுவும் சுமார் இருபது கிலோமீட்டர்தான். இந்தத் துண்டில்தான் கடல் அவ்வப்போது சவுக்குத் தோப்புக்கு நடுவே எட்டிப் பார்க்கும். சாலை சில இடங்களில் குறுகி, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். நில்லுங்கள், பேசுங்கள். நீங்கள் கேட்ட ஊர் பார்த்தல் அங்கேதான் நடக்கும்.

கோடிக்கரையை இதோடு சேர்க்காதீர்கள். அது தனியாகப் போக வேண்டிய இடம், கீழே வேறொருவருக்கு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. சொந்தமாகச் சைக்கிள் வைத்திருக்கிறான். ஒருநாள் பயணமாகத் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போக ஆசை. எவ்வளவு தூரம் ஓட்ட விடலாம்? (கும்பகோணம்)

மயிலாடுதுறையிலிருந்தே ஓட்டினால் ஒருவழி முப்பது கிலோமீட்டர் ஆகும். பதினோரு வயதுக்கு அது அதிகம். திருக்கடையூர் வரை வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்து, அங்கிருந்து ஓட்டுங்கள். தரங்கம்பாடி சுமார் எட்டு கிலோமீட்டர். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று அதிகாலையிலிருந்தே கார்களும் வேன்களும் திருக்கடையூரை நிறைத்துவிடும்.

தரங்கம்பாடி குழந்தைகளுக்கென்றே அமைந்த அளவில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய ஊர்வாசல் வழியாக நுழைந்தால் ராஜா வீதி. அதில் வண்டிப் போக்குவரத்து குறைவு. வீதி நெடுக இரண்டு பக்கமும் வரலாறுதான். 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718-ல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் இந்தக் கரையில் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இங்கேயே அச்சடித்தார். அவருடைய கல்லறையும் இந்த இரண்டாவது தேவாலயத்தில்தான் இருக்கிறது. வீதி முடிகிற இடத்தில் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்தது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, பையனுக்குப் பிடிக்கும்.

கோட்டைக்குப் பக்கத்தில் அலை ஓரமாக மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முன்பகுதியை ஏற்கெனவே கடல் கொண்டுபோய்விட்டது. இதை அவசியம் காட்டுங்கள். கடற்கரை நகரும், கடல் ஊருக்குள் வரும் என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதைவிட அந்தக் கல் சுவர் தெளிவாகச் சொல்லும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்த ஊர் பட்டதையும் பையனுக்குச் சொல்லுங்கள். பதினோரு வயது அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதுதான்.

இன்னொரு செய்தி. 1926-லிருந்து 1986 வரை மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது. நஷ்டம் என்று நிறுத்திவிட்டார்கள். இன்று அது ஓடினால் சைக்கிளோடு ஏறிக் கடற்கரையில் இறங்கலாம். அந்தப் பாதை திரும்ப வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன், இந்தப் பக்கத்து ஜனங்களும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா? பட்ஜெட் குறைவு. (சிதம்பரம், கல்லூரி மாணவர்)

வேண்டாம். டெல்டாவில் ஏற்றம் என்பதே பாலத்தின்மேல் ஏறுவது மட்டும்தான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஒன்று திண்ணையில் சாய்ந்து கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓவராயில் செய்யச் சொல்லுங்கள், சக்கரத்தில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள், பிரேக் கட்டை நான்கையும் மாற்றுங்கள். டயரில் வெடிப்பு இருந்தால் டயரையும் மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் சீட்டு உயரம். ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலி என்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், முழங்கால் இலேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம்.

வாய்க்கால் கரைகளில் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். வேலிக்கு வெட்டிப் போட்டிருப்பார்கள், காய்ந்து பாதையில் கிடக்கும். ஒரு டியூப், கைப் பம்ப், டயர் நெம்ப இரண்டு லீவர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் எல்லாம் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். கடற்கரைக் கிராமங்களில் பஞ்சர் கடைகள் குறைந்துவிட்டன, இருப்பவையும் பைக் டியூப்தான் பார்க்கின்றன. வீட்டு வாசலில் ஒருதரம் டியூபைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

கடலோரம் போய்வந்த அன்று இரவே நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள். உப்புக் காற்று ஒரு வாரத்தில் செயினைச் சிவப்பாக்கிவிடும்.

கேள்வி: எனக்கு 58 வயது. பள்ளிக்கூட நாளில் ஓட்டியதுதான், கல்யாணத்துக்குப் பிறகு தொடவே இல்லை. உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து ஒரே ஆசை. ஆனால் தெருவில் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று தயக்கமாக இருக்கிறது. (திருவாரூர்)

அக்கா, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். நான் கற்றதும் அப்போதுதான். மாலையில் மைதானத்தில் எங்கள் அம்மா வயதுப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுவார்கள். சுற்றி நின்று சிரித்தவர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அதே ஆட்கள், ‘எங்க வீட்டுப் பொண்ணுக்கும் சொல்லிக்குடுங்க’ என்று வந்து நின்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போனார்கள், கைக்குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஊர் சொன்னதெல்லாம் ஊரோடு போயிற்று. ஓட்டத் தெரிந்தது அவர்களோடு தங்கியது.

நீங்கள் ஏற்கெனவே ஓட்டியவர். உடம்பு அதை மறக்காது, பயம் மட்டும்தான் புதிதாக வந்தது. முழங்கால், ரத்த அழுத்தம் இரண்டையும் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். லேடீஸ் சைக்கிள், பின்சக்கரத்துக்கு வலைத்தடுப்பு போட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் மட்டும் சீட்டைத் தாழ்த்தி இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி வைத்து, பெடலை மிதிக்காமல் காலால் தள்ளித் தள்ளி உருட்டுங்கள். சமநிலை தானாக வந்துவிடும். அப்புறம் சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். உங்கள் ஊரில் கமலாலயக் குளத்தைச் சுற்றி விடியற்காலையில் போய்ப் பாருங்கள், வண்டிகள் அதிகம் இருக்காது. கைக்குத் தைரியம் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பூம்புகார் சாலையில் நான் கூடவே வருகிறேன்.

கேள்வி: ஆடிப்பெருக்குக்குப் பூம்புகார் வரை சைக்கிளில் போனோம். போகும்போது பறந்தோம். திரும்பும்போது நடப்பதே மேல் என்று ஆகிவிட்டது. சாலை ஒன்றுதானே, ஏன் இப்படி? (தஞ்சாவூர்)

சாலை ஒன்றுதான், காற்றுதான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அது மேற்கிலிருந்து வருகிற காற்று. காலையில் கிழக்கே போகும்போது உங்கள் முதுகைத் தள்ளியது, மதியம் மேற்கே திரும்பும்போது நெஞ்சில் மோதியது. வெயில் வேறு.

தை பிறந்த பிறகு வாருங்கள். பொங்கலிலிருந்து மாசி முடிய இந்தக் கரையில் சைக்கிளுக்கு மிக நல்ல காலம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், பச்சை போயிருக்காது. காலையில் காற்று அடங்கியிருக்கும், இல்லையென்றால் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். பத்து பதினோரு மணிக்கு மேல் திசை மாறிக் கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். அதனால் விடியலில் கடலை நோக்கிப் போய், மதியம் நிழலில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, மூன்றரை மணிக்கு மேல் திரும்பினால் கடல்காற்றே உங்களை வீடுவரை தள்ளிக்கொண்டு வரும். வடக்கு தெற்காகப் போகிறவர்கள் அந்த மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே போவது நல்லது, வாடைக்காற்று துணைக்கு வரும்.

பொதுவாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும். தண்ணீர் ஓடுகிற கரையைப் பார்க்க ஆசையென்றால் தைமாதத்தின் முதல் பாதியைத் தவறவிடாதீர்கள். மாசியில் வந்தால் அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் பூத்திருக்கும், அதுவும் அழகுதான்.

கேள்வி: நாங்கள் கடலோரக் குப்பத்தில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கூட்டமாக வருகிறவர்கள் காயப்போட்ட வலைமேல் ஏற்றுகிறார்கள், கருவாடு காய்கிற இடத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். இதையும் எழுதுங்கள். (தரங்கம்பாடி அருகே)

எழுதுகிறேன், அண்ணே. இதை எழுதியதற்கு நன்றி.

வாசகர்களுக்குச் சொல்கிறேன். வலை என்பது மீனவர் வீட்டின் பெரிய சொத்து. சைக்கிள் டயரில் ஒட்டியிருக்கிற ஒரு முள் போதும், கண்ணி அறுந்துவிடும். உட்கார்ந்து தைப்பதற்கு ஒரு நாள் போகும். குப்பத்துக்குள் நுழைந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்கள் வாசல், முற்றம், பட்டறை எல்லாம். யாரையாவது படம் எடுக்க வேண்டுமென்றால் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீடுகளில் வருமானம் குறைந்திருக்கும். அப்போது போகிறவர்கள் அங்கேயே ஒரு கடையில் டீயாவது குடித்து, கருவாடாவது வாங்கி வாருங்கள்.

இதையே வயல் பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் சாலையில் நெல் காயும். ஈரப்பதம் அதிகமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், களம் போதாததால் சாலையில் பரப்புகிறார்கள். நெல்மேல் ஏறினால் சைக்கிளும் வழுக்கும், அவர்கள் உழைப்பும் சிதறும். ஓரமாக ஒரு சாண் இடம் விட்டிருப்பார்கள். அதில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக அரை நிமிடம் ஆகுமா?

கேள்வி: கோடிக்கரையில் பூநாரை பார்க்கச் சைக்கிளில் போக முடியுமா? காரில் போனால் பறவைகள் பறந்துவிடுகின்றன. (மன்னார்குடி)

தாராளமாக. வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை சுமார் 11 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம். உங்கள் ஊரிலிருந்து திருத்துறைப்பூண்டி வந்துவிட்டால் அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023-லிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. நேரத்தைப் பார்த்துக்கொண்டு, சைக்கிளை ஏற்ற முடியுமா என்று நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லையென்றால் வேதாரண்யத்தில் இரவு தங்கி விடியலில் கிளம்புவதுதான் வசதி.

வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. கட்டாயம் இறங்குங்கள். 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜியும் நூறு பேர் அளவில் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், பிறகு உங்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28-ம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ம் தேதி உப்பை அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று ஆங்கிலேய அதிகாரிகள் மிரட்டியிருந்தார்கள். ஜனங்கள் அதை மீறித்தான் சோறு போட்டார்கள். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடுகளையும் தலையில் சுமந்தவர் சர்தார் வேதரத்தினம். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்திகளில் வெள்ளையாக உப்பு கட்டியிருக்க, வெறுங்காலோடு அதை வாரிக் குவிக்கிறவர்களையும் பார்ப்பீர்கள். அவர்கள் காலைப் பாருங்கள். அந்த உப்பு என்ன செய்யும் என்று தெரியும்.

கோடியக்காட்டில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அனுமதி வாங்கி, எந்தப் பாதையில் சைக்கிள் விடலாம் என்று அவர்கள் சொல்வதை மட்டும் பின்பற்றுங்கள். 1967-ல் சரணாலயமான இடம், 2002-லிருந்து உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. காடு உயரமானதல்ல, ஆனால் வருடம் முழுக்க இலை உதிராத உலர்காடு, இந்தக் கடற்கரையில் இவ்வளவு பெரிய பரப்பில் மிஞ்சியிருப்பது அரிது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டையும் வேதாரண்யத்துத் தென்னை, மாந்தோப்புகளையும் சாய்த்துப்போட்டது. அதற்கு முன் பார்த்தவர்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மரங்கள் துளிர்த்து வருகின்றன.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறவைகளின் காலம். பூநாரைகள் ஆழமில்லாத உப்புநீர்ச் சதுப்பில் கூட்டமாக நிற்கும். தண்ணீர் அளவைப் பொறுத்து இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வனத்துறைக் காவலர்களிடமோ அங்குள்ள வழிகாட்டிகளிடமோ கேட்டுப் போங்கள். புல்வெளியில் வெளிமான்களைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் பார்க்கலாம். முறுக்கிய கொம்போடு கறுத்த கிடா தலையை நிமிர்த்தி நிற்கும்போது உங்கள் கால் தானாகப் பெடலை விட்டுவிடும். சைக்கிளில் போவதன் பலன் இங்கேதான் தெரியும். இஞ்சின் சத்தம் இல்லை, ஆனாலும் நீங்கள் திடீரென்று நிறுத்தினால் அவை மிரளும். தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, இறங்காமல் ஒரு காலை ஊன்றி நில்லுங்கள். அடர்ந்த நிறச் சட்டை வேண்டாம், பெல் அடிக்க வேண்டாம். குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையைக் கேரியரில் வைத்துவிட்டு நகராதீர்கள்.

குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேதாரண்யத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) நிதானமாகப் போகலாமா? (சென்னை, அடையாறு)

பயிற்சிக்காக வேகமாக ஓட்டுகிறவர்கள் ஞாயிறு விடியலில் போகிறார்கள். நிதானமாகப் போக விரும்புகிற உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்து சிதம்பரம் வந்துவிடுங்கள். பதிவு செய்யக் கொஞ்சம் முன்னதாக நிலையத்துக்குப் போக வேண்டும், பெட்ரோல் இல்லாத வண்டி என்பதால் பெரிய தொல்லை இல்லை. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் அளவு. வயல் முடிந்து உப்பங்கழி தொடங்குகிற இடத்தை இவ்வளவு அருகில் வேறெங்கும் பார்க்க முடியாது. அங்கே படகில் ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போகும்போது தில்லை மரத்தின் கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சிதம்பரம் கோயிலின் தலமரம் அதுதான்.

கேள்வி: கிராமங்களில் நாய் துரத்தினால்? (பெரம்பலூர்)

இறங்கிவிடுங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அதன் பக்கம் பார்க்காமல் மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை தாண்டியதும் நின்றுவிடும். கல் எடுக்காதீர்கள். கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

கேள்வி: வழியில் சாப்பாடு எப்படி? காரைக்கால், நாகூர் பக்கமும் போவதாக இருக்கிறோம். (அரியலூர்)

பூம்புகார் பாதையில் காலைச் சாப்பாட்டை மயிலாடுதுறையிலோ செம்பனார்கோவிலிலோ முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு டீக்கடைகள்தான். வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவது இன்னும் நல்லது, வெயிலுக்குத் தாங்கும். இளநீர் எங்கும் கிடைக்கும். நுங்கு சித்திரை வைகாசியில்தான், தையில் தேடாதீர்கள். காரைக்காலுக்குத் தரங்கம்பாடியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். இதில் நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது கடினம் என்பதால் காலை ஏழு மணிக்குள் கடந்துவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், திருநள்ளாற்றுக் கூட்டம் இருக்கும். நாகூரில் சாயங்காலம் தர்கா பக்கத்துக் கடைகளில் இறால் வைத்த வாடா சூடாகப் போடுவார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு இருட்டில் சைக்கிள் விட வேண்டாம், அன்றிரவு நாகூரிலேயே தங்கிவிடுங்கள்.